பிளாஸ்டிக் டிரம்ஸில் பழகினால் நிஜ டிரம்ஸ் வருமா?

பிளாஸ்டிக் கிட்டாரை வைத்து ஆடுகிற கிட்டார் ஹீரோ என்ற வீடியோ கேமில் எல்லாப் பாட்டையும் எக்ஸ்பர்ட் லெவலில் முடித்தவர் கையில் ஒரு நிஜ கிட்டாரைக் கொடுத்தால், ஒரு கார்டு (பல சுரம் சேர்ந்த பிடி) கூடப் பிடிக்கத் தெரியாமல் முழிப்பார். இதை வைத்து அந்தக் காலத்தில் நிறையக் கிண்டல் நடந்தது. நியாயமான கிண்டல்தான். ஆனால் அதே மாதிரி கேமில் டிரம்ஸ் அடித்துப் பழகியவரை நிஜ டிரம் செட்டின் முன்னால் உட்கார வைத்தால் நடப்பது வேறு: கொஞ்ச நேரம் தடுமாறுவார், எது எங்கே இருக்கிறது என்று தேடுவார், அப்புறம் ஒரு சாதாரண ராக் பீட்டை ஓரளவு நிதானமாக வாசித்துவிடுவார்.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கேம் கிட்டாரில் இருப்பது ஐந்து கலர் பட்டன், தட்டுவதற்கு ஒரு பார். நிஜ கிட்டாரில் ஆறு தந்தி, இருபது ஃப்ரெட், அதில் அழுத்துகிற விரலுக்கு வலி. இரண்டுக்கும் கை செய்கிற வேலையே வேறு. டிரம்ஸில் அப்படியில்லை. குச்சியைப் பிடித்து, சரியான நேரத்தில், சரியான இடத்தில் அடிக்க வேண்டும். கூடவே கால் தனியாக ஒரு பெடலை மிதிக்க வேண்டும். பிளாஸ்டிக்கோ தோலோ, உடம்பு செய்கிற வேலை அதேதான். அதனால் டிரம்ஸ் கற்கிறவருக்கு ஆரம்பத்தில் வருகிற பெரிய சிக்கலை, அதாவது கையும் காலும் தனித்தனியாக ஓடுவதை, இந்த கேம் விளையாட்டாகவே பழக்கிக் கொடுத்துவிடுகிறது. அதே சமயம் காதுக்கு மட்டும் அதிகம் வேலை கொடுக்காமல் விட்டுவிடுகிறது. இதுதான் என் அபிப்பிராயம். இரண்டும் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் கேமை எதற்குப் பயன்படுத்தலாம், எங்கே நிறுத்தலாம் என்பது தெரியும்.

முதலில் கொஞ்சம் வரலாறு, சீக்கிரம் முடித்துவிடலாம். டிரம்ஸ் கேமை, இதில் பிரபலமான ராக் பேண்ட் என்ற கேம் கண்டுபிடிக்கவில்லை. ஜப்பானில் கொனாமி 1999லேயே டிரம்மேனியாவை ஆர்கேடுகளில், அதாவது காசு போட்டு ஆடுகிற கேம் கூடங்களில், இறக்கிவிட்டது. 2001ல் நாம்கோவின் தைகோ நோ தட்சுஜின் வந்தது, அது ஒரே ஒரு தைகோ முரசு, நடுவில் அடித்தால் ஒரு சத்தம், விளிம்பில் அடித்தால் இன்னொன்று. அமெரிக்காவில் எம்ஐடியில் படித்த அலெக்ஸ் ரிகோபுலோஸ், எரான் எகோசி இருவரும் 1995ல் தொடங்கிய ஹார்மோனிக்ஸ் நிறுவனம், கேம் கன்ட்ரோலர் செய்கிற ரெட்ஆக்டேன் நிறுவனத்துடன் சேர்ந்து 2005ல் கிட்டார் ஹீரோவைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே ரெட்ஆக்டேனை ஆக்டிவிஷன் வாங்கியது, ஹார்மோனிக்ஸை எம்டிவி வாங்கியது, இரண்டும் இரண்டு பக்கமாகப் பிரிந்தன. பிரிந்து போன ஹார்மோனிக்ஸ் 2007 நவம்பரில் கிட்டார், மைக், டிரம்ஸ் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு ராக் பேண்ட் என்று விற்றது. கிட்டார் ஹீரோ பக்கம் 2008ல் வேர்ல்ட் டூர் மூலம் டிரம்ஸ் வந்தது. சில வருஷத்தில் மக்களுக்கு அலுத்துப்போய், 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் கிட்டார் ஹீரோ பிரிவையே மூடியது. வரவேற்பறை மூலைகளில் தூசி பிடித்துக் கிடந்த அந்தப் பிளாஸ்டிக் செட்டுகளில் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ராக் பேண்டின் செட்டைத்தான் இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் வளர்ந்தது. வரிசையாக நான்கு பேட் (குச்சியால் அடிக்கிற தட்டு): சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. கீழே, பெரிய பேஸ் டிரம்முக்குப் பதிலாகக் காலால் மிதிக்கிற ஒரு கிக் பெடல். திரையில் ஒரு பாதை நம்மை நோக்கி ஓடிவரும், அதில் கலர் கலராக நோட்டுகள் வரும், கீழே உள்ள கோட்டைத் தொடும்போது அந்தக் கலர் பேடை அடிக்க வேண்டும். கிக்குக்கு மட்டும் பாதையின் முழு அகலத்துக்கும் ஒரு ஆரஞ்சுக் கோடு வரும். சிவப்பு என்றால் ஸ்னேர், கூர்மையான சத்தமுள்ள முக்கிய முரசு. மஞ்சள் பெரும்பாலும் ஹை-ஹாட், அதாவது காலால் திறந்து மூடுகிற இரட்டைத் தட்டு; சில இடத்தில் டாம் என்கிற முரசு. நீலம் ரைடு என்கிற சிம்பல் (உலோகத் தட்டு) அல்லது டாம், பச்சை கிராஷ் என்கிற சிம்பல் அல்லது ஃப்ளோர் டாம். ஒரே பேடுக்கு இரண்டு வேலை என்பதால் கொஞ்சம் குழப்பம்தான். 2010ல் ராக் பேண்ட் 3 வந்தபோது புரோ டிரம்ஸ் என்று ஒரு முறையைக் கொண்டுவந்து, மூன்று சிம்பல்களைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். டாமா சிம்பலா என்ற கேள்விக்கு அதோடு விடை வந்துவிட்டது.

சரி, கால் விஷயத்துக்கு வருவோம்.

புதிதாக உட்காருகிறவருக்கு முதல் பத்து நிமிஷத்தில் என்ன நடக்கும் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிவிடலாம். ராக் இசையின் அடிப்படை பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு சுற்றுக்கு நான்கு எண்ணிக்கை, ஹை-ஹாட்டில் வலது கை எட்டு அடி, 1லும் 3லும் கிக், 2லும் 4லும் இடது கையால் ஸ்னேர். நிமிஷத்துக்கு 120 என்ற வேகத்தில் ஒரு எண்ணிக்கை அரை செகண்ட், ஹை-ஹாட் அடிகள் கால் செகண்டுக்கு ஒன்று. தாளில் எழுதினால் குழந்தை கூடச் செய்யும் போலிருக்கும். உட்கார்ந்து அடித்தால், ஸ்னேர் அடிக்கிற நேரத்தில் கால் தானாக மிதித்துவிடும். அதை அடக்கினால் வலது கை நின்றுவிடும். வலது கையைக் கவனித்தால் கால் காணாமல் போகும். நம் உடம்புக்கு எல்லா உறுப்பையும் ஒன்றாக அசைப்பதுதான் சுலபம். ஒன்று அசையும்போது இன்னொன்று சும்மா இருக்க வேண்டும் என்று சொன்னால் கேட்காது. அசைப்பதைவிட அசையாமல் இருக்கப் பழகுவதுதான் இங்கே வேலை, அதற்கு ஒரே வழி நிதானமாக, நிறைய தடவை, சலிக்காமல் செய்வது.

"சலிக்காமல்" என்பதில்தான் மாஸ்டரிடம் போகிற பலர் விழுகிறார்கள். டிக் டிக் என்று வேகம் காட்டுகிற மெட்ரோநோமை வைத்துக்கொண்டு அதே பீட்டை அரை மணி நேரம் தனியாக வாசிப்பது எவருக்கும் சுகமான காரியம் இல்லை. கேமில் அதே பீட் ஒரு பாட்டுக்குள் நாலு நிமிஷம் வருகிறது, அடுத்த பாட்டில் கொஞ்சம் வேகமாக வருகிறது, அதற்கடுத்ததில் 3க்குப் பிறகு கூடுதலாக ஒரு கிக்கோடு வருகிறது. இப்படி மாற்றி மாற்றிப் பழகுவது, ஒன்றையே விடாமல் பழகுவதைவிட நீண்ட நாளைக்கு நிற்கும் என்று உடலியக்கப் பயிற்சி பற்றிய ஆய்வுகள் 1970களின் கடைசியிலிருந்தே சொல்லி வருகின்றன. ஹார்மோனிக்ஸ்காரர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் பாட்டுப் பட்டியலைப் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பாட்டு மாறினால்தான் கேம் விற்கும் என்பதற்காகச் செய்தது, பயிற்சிக்கும் தோதாக அமைந்துவிட்டது.

லெவல்களின் பங்கும் இதில் உண்டு. எக்ஸ்பர்ட்டில் வருவது ஏறக்குறைய அந்தப் பாட்டில் டிரம்மர் வாசித்ததே. அதிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து ஹார்ட், மீடியம், ஈஸி. ஈஸியில் பெரும்பாலும் இரண்டு உறுப்புக்குத்தான் வேலை இருக்கும், மூன்றாவது சும்மா இருக்கும். ஒரு நல்ல ஆசிரியரும் இதையேதான் செய்வார், "முதலில் கிக்கும் ஸ்னேரும் மட்டும் வாசி, ஹை-ஹாட் அப்புறம் பார்க்கலாம்" என்பார். எனக்கு ஒத்துவராதது மீடியம்தான். அதில் ஹை-ஹாட் அடிகளைப் பாதியாக்கிவிடுவார்கள். எட்டு அடியாக விடாமல் ஓடுகிற வலது கை உண்மையில் ஒரு உதவி, மற்ற எல்லாவற்றையும் அதன் மேல்தான் வைத்துக் கட்டுகிறோம்; அதைப் பாதியாக்கினால் நோட்டு குறைந்ததே தவிர, வாசிப்பது லேசாகவில்லை. மீடியத்தில் நட்சத்திரம் சேர்ப்பதற்காகத் தங்க வேண்டியதில்லை. ஓரளவு பிடிபட்டதும், தோற்றாலும் பரவாயில்லை என்று ஹார்டுக்குப் போய்விடுவதே நல்லது. தோற்றால் பாட்டு பாதியில் நிற்கும் என்ற கவலையும் ராக் பேண்ட் 2லிருந்து இல்லை, நோ-ஃபெயில் என்று ஒன்று இருக்கிறது. அதே 2ல் டிரம் டிரெய்னர் என்று பாட்டே இல்லாமல் வெறும் பீட்டுகளை வரிசையாக, வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பழகுகிற பகுதியும் வைத்தார்கள். கேமிலேயே மெனக்கெட்டுச் செய்யப்பட்ட பகுதி அது, மிகக் குறைவாகப் பயன்படுத்தப்பட்டதும் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

இனி கேம் எப்படி நிஜத்திலிருந்து நைசாக விலகுகிறது என்பதற்கு ஒரு உதாரணம். இதற்கு டிஸ்கோ ஃப்ளிப் என்று பெயர்.

நிஜ டிரம் செட்டில் ஸ்னேர் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இருக்கும், ஹை-ஹாட் அதற்கு இடது பக்கம் இருக்கும். வலது கையால் ஹை-ஹாட் அடிக்கிறவர் கையைக் குறுக்கே போட்டு, இடது கைக்கு மேலே கொண்டுபோய் அடிப்பார். ராக் பேண்ட் செட்டில் ஸ்னேரான சிவப்புதான் இடது ஓரம், ஹை-ஹாட்டான மஞ்சள் அதற்கு வலது பக்கம். ஆகவே சாதாரண பீட்டுக்குக் கை குறுக்கே போகவே வேண்டாம். புதியவருக்கு இது வசதி. ஆனால் 1970களின் டிஸ்கோ பாட்டுகளில் வருகிற ஒரு வாசிப்பு உண்டு: ஹை-ஹாட்டில் இரண்டு கையும் மாறி மாறி ஒரு சுற்றுக்குப் பதினாறு அடி, 2லும் 4லும் வலது கை மட்டும் கீழே இறங்கி ஸ்னேரை அடித்துவிட்டுத் திரும்பும். நிஜ செட்டில் வலது கைக்கு ஸ்னேர் பக்கத்திலேயே இருப்பதால் இது சுகமாக வரும். ராக் பேண்டில் அப்படியே போட்டால், மஞ்சளில் இரண்டு கையும் இருக்கும்போது வலது கை இடது கையைத் தாண்டி இடது ஓரச் சிவப்புக்குப் போக வேண்டும், கை இரண்டும் மோதிக்கொள்ளும். அதனால் நோட்டு எழுதியவர்கள் அந்த இடங்களில் மட்டும் கலரை மாற்றிவிட்டார்கள்: ஹை-ஹாட் சிவப்பில் வரும், ஸ்னேர் மஞ்சளில் வரும். விளையாடுகிறவர் பலருக்கு இது தெரியவே தெரியாது, ஏதோ பாட்டு கொஞ்சம் வினோதமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருப்பார்கள். புரோ டிரம்ஸில் இந்த மாற்றத்தைத் திருப்பிச் சரியாக்கிவிட்டார்கள், எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வரும்.

இதில் எனக்குப் பிடித்தது, கை போகிற பாதையைக் காப்பாற்றுவதற்காகக் கலரை விட்டுக்கொடுத்தார்கள் என்பது. வலது கை நிஜத்தில் எந்தச் சமயத்தில் நகர்கிறதோ அதே சமயத்தில்தான் கேமிலும் நகர்கிறது. இதே மாதிரி புரோ டிரம்ஸிலும் ஒரு சமரசம் உண்டு. திறந்த ஹை-ஹாட்டுக்கென்று தனி பேட் கிடையாது, அதனால் பல இடங்களில் அதை நீல சிம்பலில் கொடுத்திருப்பார்கள். நிஜத்தில் அது இடது கால் செய்கிற வேலை. ராக் பேண்டின் சாதாரண செட்டில் இடது காலுக்கு வேலையே இல்லை. டிரம்மேனியா வரிசைதான், 2010ல் வந்த அதன் புதிய பதிப்பில், இடது பெடல் ஒன்றையும் சேர்த்தது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். ராக் பேண்டில் நீங்கள் பேடை அடிக்கும்போது கேட்பது உங்கள் அடி கிடையாது. ஸ்டுடியோவில் பதிவான டிரம்ஸ் டிராக் தனியாக ஓடிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் சரியாக அடித்தால் அது கேட்கும், தவறவிட்டால் அடங்கும். "சரி" என்பதற்கு முன்னேயும் பின்னேயும் சில பத்து மில்லிசெகண்ட் சலுகை உண்டு. அந்தச் சலுகைக்குள் எங்கே அடித்தாலும் ஒரே பாயின்ட்தான், ஒரே சத்தம்தான். அதாவது நீங்கள் முப்பது மில்லிசெகண்ட் முந்தி அடித்தாலும், ஒரு தேர்ந்த டிரம்மர் வாசித்த அந்த அடி, அது இருக்க வேண்டிய இடத்தில் அட்சர சுத்தமாக ஒலிக்கும். எப்போதும் லேசாக முந்துகிறவர், எப்போதும் லேசாகப் பிந்துகிறவர், முந்தியும் பிந்தியும் அலைகிறவர் என்று மூன்று பேர் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு, தாங்கள் மூவரும் ஒரே மாதிரி வாசிப்பதாக நம்பிக்கொண்டு போகலாம். நிஜ செட்டில் உட்கார்ந்து பக்கத்தில் ஒரு பேஸ் கிட்டார்காரர் வாசிக்கும்போதுதான் அந்த மூவரும் எவ்வளவு வேறு என்பது தெரியும், அதுவும் அந்த பேஸ்காரர் முகம் போகிற போக்கில் தெரியும்.

கூடவே எவ்வளவு பலமாக அடித்தீர்கள் என்பதும் பெரும்பாலும் கணக்கில் இல்லை. மெதுவாகத் தட்டினாலும் ஓங்கி அடித்தாலும் அதே பாயின்ட். ஸ்னேரில் முக்கிய அடிகளுக்கு நடுவே, கேட்டும் கேட்காததுமாய் விழுகிற சின்னச் சின்ன அடிகளுக்கு கோஸ்ட் நோட் என்று பெயர். ஃபங்க் இசையின் உயிரே அதில்தான் இருக்கிறது. ராக் பேண்டில் அவை பெரும்பாலும் விடுபட்டுப் போகும், இல்லையென்றால் மற்ற அடிகளோடு அடியாக ஒரே உருவத்தில் வரும். பின்னால் ரசிகர்கள் செய்த க்ளோன் ஹீரோவில் இந்த மெல்லிய அடி, அழுத்தமான அடி இரண்டையும் வேறு வேறாகக் காட்டும் வசதி வந்தது, அதற்கும் அழுத்தத்தை உணருகிற பேட் வேண்டும்.

கண் விஷயம் இன்னும் சுவாரசியம். கேம் எல்லாவற்றையும் கண்ணுக்குக் காட்டுகிறது. டிக் டிக் என்று கேட்கும் ஒலியோடு சேர்ந்து தட்டச் சொன்னால் மனிதர்கள் துல்லியமாகத் தட்டுகிறார்கள், மின்னி மின்னி அணைகிற வெளிச்சத்தோடு தட்டச் சொன்னால் அந்த அளவுக்கு வருவதில்லை என்பது ஆய்வகங்களில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். நகர்ந்து வருகிற உருவமாக இருந்தால் கண் கொஞ்சம் சுதாரித்துக்கொள்ளும், ராக் பேண்டில் நோட்டு நகர்ந்து வருவதால் அந்த அளவில் தப்பித்தோம். இன்னொன்று, ஒலியோடு தட்டும்போது பெரும்பாலானவர்கள் ஒலி வந்த பிறகு தட்டுவதில்லை, ஒரு துளி முன்னாலேயே தட்டுகிறார்கள். தாளத்தை எதிர்பார்த்துத்தான் அடிக்கிறோம், பார்த்துவிட்டு அடிப்பதில்லை.

இந்த கேமில் தேறியவர்களைக் கவனித்தால் இதை நேரிலேயே பார்க்கலாம். புதியவரின் கண் கீழே அந்தக் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், நோட்டு தொட்டதா தொட்டதா என்று பார்த்துப் பார்த்து அடிப்பார், எப்போதும் பிந்துவார். பழகியவரின் கண் பாதையின் நடுவிலோ மேலேயோ இருக்கும். அடுத்து என்ன அடிக்க வேண்டும் என்பதைக் கண்ணால் எடுத்துக்கொள்கிறார், எப்போது அடிக்க வேண்டும் என்பதைக் காதிடம் விட்டுவிடுகிறார். நோட்டுகளைத் தனித்தனியாகப் பார்ப்பதும் நின்றுவிடுகிறது, ஒரு சுற்று முழுவதையும் ஒரே உருவமாகப் பார்க்கிறார். நோட்டு வரும் வேகத்தைக் கூட்டினால்தான் நன்றாக வருகிறது என்று தேறியவர்கள் சொல்வது புதியவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். வேகத்தைக் கூட்டினால் பாட்டு வேகமாவதில்லை, நோட்டுகளுக்கு நடுவே இடைவெளிதான் அதிகமாகிறது. நெருக்கியடித்துக்கொண்டு வருகிற பதினாறு அடியில் எது எதற்கு முன்னால் என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

இவ்வளவும் வந்த பிறகும் ஒரு வில்லங்கம் பாக்கி இருக்கிறது. திரையை அணைத்துவிட்டு, நூறு தடவை அடித்த பாட்டை அடிக்கச் சொன்னால் பாதிப்பேருக்கு வராது. இதற்கும் ஆய்வில் ஒரு விளக்கம் உண்டு: சால்மோனி, ஷ்மிட், வால்டர் என்ற மூவர் 1984ல் எழுதியது. பழகும்போது ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் சரி, தப்பு என்று வெளியிலிருந்து யாரோ சொல்லிக்கொண்டே இருந்தால் அந்த நேரத்துக்கு நன்றாக வரும், ஆனால் உடம்பு அந்தக் கைத்தாங்கலை நம்பியே பழகிவிடும், அதை எடுத்ததும் தடுமாறும். ராக் பேண்ட் ஒவ்வொரு அடிக்கும் சொல்கிறது. எந்தக் கலர், எப்போது, சரியா தப்பா, தொடர்ச்சியாக எத்தனை என்று மூச்சு விடாமல் சொல்கிறது. நம் ஊரில் மிருதங்கம் கற்கிறவர் கை வைப்பதற்கு முன்னால் சொல்லை வாயால் சொல்லிப் பழகுவார். வாயில் இருப்பது உள்ளே இருக்கிறது, திரை தேவையில்லை. மேற்கத்திய டிரம்ஸ் வகுப்பிலும் வாய்விட்டு எண்ணச் சொல்வார்கள். கேம் எண்ணச் சொல்வதே இல்லை. நூறு பாட்டு அடித்தவருக்குக் கூட இது சுற்றின் மூன்றாவது எண்ணிக்கை, இங்கே பல்லவி முடிகிறது, இன்னும் எட்டுச் சுற்று இருக்கிறது என்ற கணக்கு இல்லாமல் போவது அதனால்தான்.

இதற்கு மருந்து சுலபம், செய்யத்தான் மனசு வராது. ஒரு பாட்டு நன்றாக வந்ததும் திரையைப் பார்க்காமல் அடித்துப் பாருங்கள். முதலில் ஒரு பல்லவி, அப்புறம் முழுவதும். வாயால் ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு என்று எண்ணிக்கொண்டே அடியுங்கள். ஸ்கோர் கேவலமாக இருக்கும், இருக்கட்டும்.

எந்தக் கையால் அடிக்க வேண்டும் என்பதையும் கேம் சொல்லாது. பதினாறு அடி வரிசையாக வந்தால் வல-இட-வல-இட என்று போகலாம், வல-வல-இட-இட என்று இரட்டையாகப் போகலாம், இரண்டையும் கலந்து பாராடிடில் என்று வாசிக்கலாம். நிஜ டிரம்ஸில் பாதிப் படிப்பே இதுதான், அமெரிக்காவின் பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி தொகுத்த அடிப்படைப் பயிற்சிகள் மட்டும் 40 இருக்கின்றன. கேம் மட்டும் ஆடி வளர்ந்தவர் பெரும்பாலும் வலது கையைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டுவார், இடது கை ஸ்னேருக்கு மட்டும் எழுந்து வரும். குச்சியைப் பிடிப்பதும் அப்படித்தான்: பேட் எப்படி அடித்தாலும் ஏற்றுக்கொள்வதால் இறுக்கிப் பிடித்து முழங்கையிலிருந்து ஓங்குவார்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தளர்வாகப் பிடித்து, குச்சி தானாகத் துள்ளி எழுவதைப் பயன்படுத்தத் தெரியாவிட்டால் வேகமான பாட்டில் முன்கை கல்லாகிவிடும், மணிக்கட்டு வலியும் வரும். இதற்கு மட்டுமாவது தெரிந்த ஒருவரிடம் நாலு நாள் போய்க் கையைக் காட்டிவிடுவது உத்தமம்.

ஃபில், அதாவது பீட்டை விட்டு நடுவே போடுகிற சின்ன உருட்டல், அது பற்றியும் ஒரு வார்த்தை. ராக் பேண்டில் ஓவர்டிரைவை, அதாவது பாயின்ட்டை இரட்டிப்பாக்குகிற வசதியைக் கிளப்ப, பாதையில் சில சுற்றுகள் திறந்துவிடப்படும், அங்கே இஷ்டத்துக்கு அடிக்கலாம், கடைசியில் பச்சையில் ஒரு கிராஷ். பாட்டின் நடுவே நீங்களாக வாசிக்கிற இடம் இது ஒன்றுதான். எல்லோரும் இங்கே கண்மண் தெரியாமல் உருட்டிவிட்டு, திரும்பி ஒன்றாம் எண்ணிக்கைக்கு வரத் தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள். ஸ்கோர் பிடிக்கிறவர்களோ ஒன்றுமே அடிக்காமல் காத்திருந்து கிராஷை மட்டும் அடிப்பார்கள். 2015ல் வந்த ராக் பேண்ட் 4, பாட்டுக்கு ஏற்ற ஃபில்லைத் தானே எழுதிக் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. ஃபில் என்பது சரியான நேரத்துக்கு வீடு திரும்புவது என்று கற்பிக்க அது பரவாயில்லை.

டிவி தாமதத்தைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். இன்றைய டிவிகள் படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும், ஒலி சவுண்ட்பார் வழியாகப் போனால் அது தனியாகத் தாமதமாகும், புளூடூத் என்றால் கேட்கவே வேண்டாம். நிமிஷத்துக்கு 120 வேகத்தில் பதினாறில் ஓர் அடி 125 மில்லிசெகண்ட்தான்; அதில் அறுபது எழுபது தாமதமானால் பாதி தூரம் போய்விட்டது. கேமில் ஒலிக்கும் படத்துக்கும் தனித்தனியாகக் கேலிபரேஷன் வைத்திருப்பது அதற்காகத்தான். டிவியை கேம் மோடில் போட்டு, வயர் ஹெட்போன் மாட்டி, ஐந்து நிமிஷம் செலவழித்து அதைச் சரிசெய்துவிட்டு உட்காருங்கள். தாமதத்தோடு மாதக்கணக்கில் பழகினால் முந்தி அடிப்பதே பழக்கமாகிவிடும், அதை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடப் பெரும்பாடு.

இப்போது தொடங்குகிறவர் பழைய பிளாஸ்டிக் செட்டைத் தேடி அலைய வேண்டாம் என்பேன். அவை செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும், விலையும் ஏறிக் கிடக்கிறது, முதல் தலைமுறைப் பெடல்கள் உடைவதற்குப் பேர் போனவை, அதனால்தான் பின்னால் அதில் உலோகத் தகடு வைத்தார்கள். அதற்குப் பதில் அலெசிஸ், யமஹா, ரோலண்ட் மாதிரி கம்பெனிகளின் ஆரம்ப நிலை எலக்ட்ரானிக் செட் ஒன்று, அடிகளை அதிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக ஒரு யுஎஸ்பி மிடி கேபிள், கம்ப்யூட்டரில் க்ளோன் ஹீரோ அல்லது அதே மாதிரி கேமான யார்க், இரண்டும் இலவசம். ராக் பேண்ட் 3 காலத்தில் இந்த இணைப்புக்கென்று தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டியிருந்தது, இன்று செட்டிங்கில் எந்தப் பேட் எந்தக் கலர் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஹை-ஹாட் இடது பக்கம், ஸ்னேர் நடுவில் என்று நிஜ அமைப்பிலேயே கை பழகும், கேமை மூடிவிட்டால் அதே செட்டில் நீங்கள் அடித்த அடி நீங்கள் அடித்த மாதிரியே காதில் விழும். கேமில் அரை மணி, அதை மூடிவிட்டு மெட்ரோநோமோடு கால் மணி என்று வைத்துக்கொண்டால் மேலே சொன்ன குறைகளில் பாதி ஓடிவிடும்.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று: பேட் சத்தம் ஹெட்போனுக்குள் அடங்கிவிடும், கிக் பெடலின் மிதி அடங்காது, அது தரை வழியாகக் கீழ் வீட்டுக்கு அப்படியே போகும். பெடலுக்குக் கீழே கனமான ரப்பர் மேட் போட்டும் போதாவிட்டால், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கை வேலையை மட்டும் பழகுங்கள்.